மீனுக்கு ஆயில் சர்வீஸ்

மீனுக்கு ஆயில் சர்வீஸ் பண்ண ஒரே ஆள் இந்த உலகத்துல நானாத்தான் இருப்பேன். இதுல பெருமைப்பட ஒண்ணுமில்ல. ஆனா சொல்ற இடத்துலயெல்லாம் ஜனங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிறாங்க. சரி, நம்மால அந்தப் புண்ணியமாவது நடக்கட்டும்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்.

நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துறவன். ரெண்டு கார், ரெண்டு மாஸ்டர். பெரிய மாஸ்டர் நான். சின்ன மாஸ்டர் என்னைவிட உயரம், என்னைவிடப் பொறுமை. அதனாலேயே எனக்கு அவரை அவ்வளவாப் பிடிக்காது. எங்க காருல ஒரு விசேஷம் உண்டு. கத்துக்குறவங்களுக்குப் பக்கத்து சீட்ல மாஸ்டர் உக்காருவார், அவர் காலுக்குக் கீழயும் ஒரு பிரேக், ஒரு க்ளட்ச் இருக்கும். கத்துக்குறவங்க சுவத்தைப் பாத்துப் போனா மாஸ்டர் மிதிச்சு நிறுத்திடலாம். எங்க உசுரு அந்த ரெண்டாவது பிரேக்லதான் இருக்கு.

என்கிட்ட கத்துக்கிட்டா முடிக்க ஆறு மாசம் ஆகும். எதிர்வரிசை ஸ்கூல்ல ஒன்றரை மாசத்துல லைசென்ஸ் வாங்கிக் கொடுத்துடுறாங்க. யாராவது இதைச் சுட்டிக்காட்டினா, "அங்க லைசென்ஸ் கிடைக்கும், இங்க டிரைவிங் கிடைக்கும்"னு மீசையைத் தடவிக்கிட்டு சொல்லுவேன். போர்டுலயே அப்படி எழுதி வச்சிருந்தேன். எழுதினவனுக்கு எவ்வளவு திமிரு பாருங்க.

என் பொண்டாட்டி ஆஸ்பத்திரில நர்ஸ். பல வருஷமா நைட் டூட்டி. நான் எழுந்திருக்குறப்ப அவ தூங்க வருவா, நான் தூங்கப் போறப்ப அவ கிளம்புவா. ஒரே வீட்டுல ரெண்டு வாடகைக்காரங்க மாதிரி, சாவியை மாத்திக்கிட்டு வாழ்ந்துக்கிட்டு இருந்தோம். இந்த நிலைமையில ஆஸ்பத்திரில ஒரு புது வேலை வந்துச்சு. படுத்த படுக்கையா இருக்குற நோயாளிங்க வீட்டுக்கே போய் மருந்து போட்டு, கட்டுக் கட்டிட்டு வரணும். பகல் வேலை. காரை ஆஸ்பத்திரியே கொடுக்கும், ஓட்ட லைசென்ஸ் மட்டும் இருக்கணும். வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள லைசென்ஸைக் காட்டலைன்னா அந்த வேலை இன்னொரு நர்ஸுக்குப் போயிடும். வியாழக்கிழமை அவளுக்கு டெஸ்ட்.

கத்துக் கொடுக்குறது யாரு? ஐயாதான். வீட்டுலயே டிரைவிங் மாஸ்டரை வச்சுக்கிட்டு அவ லைசென்ஸ் இல்லாம இருந்தாங்கிறதே ஒரு கூத்து. ஏற்கெனவே ரெண்டு தடவை டெஸ்ட்டுக்குத் தேதி வாங்கி, ரெண்டு தடவையும் நானே கேன்சல் பண்ணிட்டேன். ஏன்னா அவ காரை எடுக்குறப்பல்லாம் அது ஒரு குலுங்கு குலுங்கி ஆஃப் ஆயிடும். மேட்டுல நிறுத்தி எடுக்கச் சொன்னா கேக்கவே வேண்டாம்.

"க்ளட்ச்சைப் பட்டுன்னு விடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நான் பட்டுன்னு விடலைங்க."

"அப்ப கார் பொய் சொல்லுதா?"

இப்படித்தான் எங்க தாம்பத்தியம் தினம் காலையில ஒரு மணி நேரம் ரோட்டுல நடந்துச்சு.

இப்ப மீன் கதைக்கு வர்றேன். ஆஸ்பத்திரி வரவேற்பு ஹால்ல ஒரு பெரிய மீன் தொட்டி இருந்துச்சு. ஹாலை இடிச்சுக் கட்டுறாங்கன்னு தொட்டியை வெளிய வச்சுட்டாங்க. என் பொண்டாட்டி மனசு கேக்காம அதை வீட்டுக்குக் கொண்டுவந்தா. உள்ள ரெண்டே மீன். ஒண்ணு ஒரு ஜாண் நீளம், செங்கல் நிறம், நெத்தியில பெரிய புடைப்பு. காலையில முன்னாடி வந்து நின்னு எல்லாரையும் ஒரு முறை முறைக்கும், சாப்பாடு வந்ததும் சாப்பிடும், அப்புறம் கல்லுக்குப் பின்னாடி போய்ப் படுத்துக்கும். நர்ஸுங்கள்லாம் சேந்து அதுக்கு வச்ச பேரு மேனேஜர். இன்னொண்ணு கண்ணாடியில வாயை ஒட்டிக்கிட்டுப் பாசியைத் திங்குற கறுப்பு மீன். அது கிளீனர்.

மேனேஜர் அவ கையில வந்து சாப்பிடும். நான் கிட்டப் போனா முதுகைக் காட்டும், விரலை விட்டா கடிக்கும். என் வீட்டுல என்னை மதிக்காத ஆள்னு கணக்கு எடுத்தா வரிசை ஏற்கெனவே நீளம், அதுல இதுவும் வந்து நின்னுடுச்சு.

அவ என்கிட்ட சொன்னது ஒரே விஷயம். "வாரத்துக்கு ஒரு தடவை மூணுல ஒரு பங்கு தண்ணியை எடுத்துட்டுப் புதுசு ஊத்தணும். அதையும் நானே பாத்துக்குறேன். நீங்க கை வைக்காதீங்க."

கை வைக்காதேன்னா எனக்குக் கை அரிக்கும். பிறவிக்குணம், என்ன பண்றது? ஞாயிற்றுக்கிழமை அவ டூட்டியை மாத்திக்கிட்டு பகல்ல போயிருந்தா. நான் தொட்டி முன்னாடி உக்காந்து யோசிச்சேன். வண்டிக்கு ஆயில் மாத்துறோம். பழசுல கொஞ்சத்தை எடுத்துட்டு மேல புதுசை ஊத்துவானா எவனாவது? அடி நட்டைக் கழட்டி, சொட்டு விடாம வடிச்சு, ஃபில்டரையும் மாத்தி, அப்புறம்தானே ஊத்துவான்? மீனுக்கு மட்டும் ஏன் இந்த அரைகுறை வேலை?

ரெண்டு மீனையும் குளியலறை பக்கெட்ல விட்டேன். தொட்டியை மொத்தமாக் காலி பண்ணேன். கல்லையெல்லாம் பல் தேய்க்கிற பிரஷ்ஷால தேய்ச்சு வெயில்ல காய வச்சேன். தண்ணியைச் சலிக்கிற பஞ்சு கறுப்பா வழவழன்னு இருந்துச்சு, அதைக் குப்பையில போட்டுட்டுப் புதுசு வெட்டி வச்சேன். குழாய்த் தண்ணியை நேரா பிடிச்சு நிரப்பினேன். தொட்டி அப்படியே ஷோரூம்ல இருந்து இறக்கின மாதிரி பளபளன்னு நின்னுச்சு. மேனேஜரைத் தூக்கி உள்ள விட்டுட்டு, நாலு பக்கமும் நின்னு அழகு பாத்தேன்.

கிளீனரை மறந்துட்டேன். பக்கெட்டும் கறுப்பு, அதுவும் கறுப்பு. சாயந்தரம் குளிக்கப் போய், தலை முழுக்க சோப்போட கண்ணை மூடிக்கிட்டு, கடைசித் தண்ணியைப் பக்கெட்டோட தூக்கித் தலையில கவுத்தேன். தண்ணியும் வந்துச்சு, கிளீனரும் வந்துச்சு. வழுக்கிக்கிட்டுப் போய் முதுகுல, கை எட்டாத இடமாப் பாத்து ஒட்டிக்கிச்சு. நான் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து கதவைத் தட்டினார்.

"மாஸ்டர்! என்ன, பாம்பா?"

"இல்ல சார், கிளீனர்!"

அவர் அப்படியே திரும்பிப் போயிட்டார். இன்னைவரைக்கும் என்கிட்ட விளக்கம் கேக்கல.

செவ்வாய்க்கிழமை தண்ணி கஞ்சித் தண்ணி மாதிரி வெளுத்துப்போச்சு. மேனேஜர் சாப்பிடல. முறைக்கக்கூட இல்ல. என் பொண்டாட்டி டூட்டி முடிச்சு வந்து பாத்துட்டு, "ஏங்க, தண்ணி ஏன் இப்படி இருக்கு?"ன்னா. "வெயில் ஜாஸ்தி"ன்னேன். அசதியில அவளும் நம்பிட்டா. பாவம், தூங்கி எழுந்து பாக்குறேன்னு போய்ப் படுத்தா. எழுந்தப்ப டூட்டிக்கு நேரமாயிடுச்சு, பாக்காமலே ஓடிட்டா.

புதன்கிழமை அவ தூங்கிக்கிட்டு இருக்குறப்ப கரண்ட் போச்சு. தொட்டிக்குள்ள காத்து விடுற மெஷின் நின்னுடுச்சு. மேனேஜர் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூட ஆரம்பிச்சுச்சு. ஐயோ, இது மூச்சு முட்டுதே! நான் கீழ ஓடி, கார் டிக்கியில இருந்து டயருக்குக் காத்து அடிக்கிற கால் பம்ப்பைத் தூக்கிட்டு வந்தேன். குழாயைத் தொட்டிக்குள்ள விட்டு மிதிச்சேன். புஸ்ஸ்! மேனேஜர் ஒரு மூலையில இருந்து இன்னொரு மூலைக்குப் போய் விழுந்துச்சு. மெதுவா மிதிச்சா காத்து போகல, வேகமா மிதிச்சா மீன் பறக்குது. நாலு மிதி மிதிச்சுட்டு எட்டிப் பாத்தா, தண்ணி மேல வானவில் மாதிரி கலர் கலரா மினுமினுக்குது. பம்ப்ல போட்டிருந்த எண்ணெய். அன்னைக்குத்தான் நிஜமாவே ஆயில் சர்வீஸ் முடிஞ்சுச்சு.

சத்தம் கேட்டு அவ எழுந்து வந்தா. கால் பம்ப் மேல ஒரு காலை வச்சுக்கிட்டு நான் நிக்கிறேன். தொட்டிக்குள்ள மேனேஜர் பக்கவாட்டுல சாய்ஞ்சு கிடக்கு.

"என்ன பண்ணீங்க?"

உண்மையை ஒண்ணுவிடாம சொன்னேன். பஞ்சைக் குப்பையில போட்டது வரைக்கும். அவ கத்தல. கத்தியிருந்தாக்கூடப் பரவாயில்ல. வளர்ப்பு மீன் விக்கிற கடைக்காரருக்கு போன் போட்டா. உடனே எடுத்துட்டு வாங்க சிஸ்டர்னு அவர் சொன்னார். கடை பாலத்துக்கு அந்தப் பக்கம்.

துணி துவைக்கிற பெரிய டப்பை எடுத்து, குடிக்கிற தண்ணி கேன்ல இருந்து பாதி ஊத்தி, ரெண்டு மீனையும் அதுல விட்டா. நான் சாவியை எடுத்தேன். அவ அதை என் கையில இருந்து வாங்கிக்கிட்டா.

"நீங்க டப்பைப் பிடிச்சுக்கங்க. நான் ஓட்டுறேன்."

"நீயா? இந்த நேரத்துல, அந்தப் பாலத்துலயா? மேட்டுல ஆஃப் ஆச்சுன்னா..."

"நீங்க ஓட்டி நான் பாத்திருக்கேன். எறும்பு குறுக்க போனாக்கூட பிரேக் போடுவீங்க. தண்ணி பூரா வெளிய வந்துடும்."

மாஸ்டர் சீட்ல உக்காந்தேன். டப்பை மடியில வச்சேன். டப் விளிம்பு என் நெஞ்சுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவுல இறுகி நின்னுச்சு, கீழ குனியக்கூட இடமில்ல. கிளீனர் அடியில ஒட்டிக்கிட்டு, உலகமே இடிஞ்சாலும் எனக்கென்னன்னு கிடந்துச்சு. மேனேஜர் சாய்ஞ்சு கிடந்து ஒத்தைக் கண்ணால என்னைப் பாத்துச்சு.

தெருமுனையில கார் குலுங்கி ஆஃப் ஆச்சு. தண்ணி தளும்பி என் சட்டையில ஊத்துச்சு.

"க்ளட்ச்!"ன்னு கத்தினேன்.

அவ பல்லைக் கடிச்சுக்கிட்டுத் திரும்ப எடுத்தா. பெரிய ரோட்டுக்கு வந்தோம். சிக்னல்ல மறுபடி ஆஃப். பின்னாடி பஸ்காரன் ஹாரன்லயே திட்டினான். "இந்த லட்சணத்துல நாளைக்கு டெஸ்ட்டு. பேசாம தள்ளிப் போட்டுடுவோமா?"ன்னேன். நேரம் காலம் தெரியாம வாயைத் திறக்குறதுல எனக்குப் பட்டமே கொடுக்கலாம். அவ கண்ணுல தண்ணி கோத்துக்கிச்சு. "வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் எதைத் தள்ளிப் போடுறது?"ன்னு மட்டும் கேட்டா.

பாலத்து ஏத்தம் ஆரம்பிக்கிற இடத்துல ஒரு மோட்டார் சைக்கிள் சர்ருன்னு குறுக்க பூந்துச்சு. என் கால் பிரேக்கை ஓங்கி மிதிச்சுச்சு. கார் குலுங்கி ஆஃப் ஆகி நின்னுச்சு. டப்புல இருந்து ஒரு அலை எழும்பிச்சு, அந்த அலையோட மேனேஜர் எழும்பிச்சு, டேஷ்போர்டுல ஒரு அடி அடிச்சு, என் முழங்காலைத் தாண்டிக் கீழ விழுந்துடுச்சு.

"மீன்! மீன் விழுந்துடுச்சு!"

"எங்க?"

எட்டிப் பாத்தேன். என் காலடியில விளிம்பு வச்ச ரப்பர் மேட். அதுல சிந்தின தண்ணி குளம் கட்டி நின்னுச்சு. அந்தக் குளத்துல மேனேஜர் வாலை அடிச்சுக்கிட்டு, நேரா என் பிரேக் பெடலுக்கு அடியில போய்ச் செருகிக்கிச்சு. இப்ப நான் காலை வச்சா மேனேஜர் சட்னி.

"பிரேக்குக்குக் கீழ!"

"காலைத் தூக்குங்க!"ன்னு அவ போட்ட அதட்டல் இருக்கே, ஆஸ்பத்திரில நோயாளிங்க ஏன் சீக்கிரம் குணமாகி ஓடுறாங்கன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுச்சு. ரெண்டு காலையும் தூக்கி சீட் மேல மடக்கினேன். மடியில டப், அதுக்குக் கீழ சம்மணம். பின்னாடி லாரி. நிறுத்தவும் இடமில்ல, இறங்கவும் வழியில்ல.

அவ வண்டியை ஸ்டார்ட் பண்ணா. ஏத்தத்துல நிக்குது வண்டி. இந்த மாதிரி இடத்துலதான் இவ்வளவு மாசமும் குலுங்கி, ஆஃப் ஆகி, நான் கத்தி, அவ அழுது. "க்ளட்..."ன்னு வாயெடுத்தேன். கார் ஒரு சின்ன உறுமலோட எழுந்து, முன்னாடி போச்சு. குலுங்கல. டப்புல ஒரு சொட்டு சிந்தல.

எனக்கு நம்பிக்கை வரல. தற்செயல்னு நெனச்சேன். பாலத்து மேல வண்டிங்க நின்னு நின்னு நகருது. அவ நிறுத்துறா, எடுக்குறா. நிறுத்துறா, எடுக்குறா. ஒவ்வொரு தடவையும் என் வலது கால் தொடைக்குக் கீழ கிடந்து துடிக்குது. தானாவே துடிக்குது. அவ க்ளட்ச்சை விடுற அந்த நொடியில என் கட்டைவிரல் எதையோ அமுக்கத் தேடுது. கார் போறதுக்கும் என் கால் மிதிக்கிறதுக்கும் ஒரே நேரம்!

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி ஆயிடுச்சு எனக்கு. இத்தனை மாசமா அவ காரை எடுத்தப்பல்லாம் நான் பிரேக்கை அமுக்கிக்கிட்டு இருந்திருக்கேன். லேசா, எனக்கே தெரியாம. அப்புறம் கார் எப்படிங்க போகும்? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இங்க ஆடுறவ ஒழுங்காத்தான் ஆடியிருக்கா, கூடத்தைக் கோணலாக்கினவன் நான். அந்த அதிர்ச்சி போறதுக்குள்ள இன்னொண்ணு உறைச்சுச்சு. என்கிட்ட கத்துக்குற எல்லாருக்குமே ஆறு மாசம் ஆகுதே!

பாலம் இறங்கி, கடை வாசல்ல ரெண்டு வண்டிக்கு நடுவுல அளவெடுத்த மாதிரி நிறுத்தினா. கதவைத் திறந்து, குனிஞ்சு, பெடலுக்குக் கீழ இருந்து மேனேஜரை ரெண்டு கையாலயும் அள்ளி எடுத்தா. அவ கையைக் கடிக்கல அது. கடைக்காரர் வாங்கி ஒரு தொட்டியில விட்டார். கொஞ்ச நேரம் மல்லாந்து கிடந்துட்டு, செவுள் அசைய ஆரம்பிச்சுச்சு.

"பிழைச்சுக்கும் சிஸ்டர். ரெண்டு மீனும் கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டும். அந்தப் பஞ்சுல இருக்குற அழுக்குதான் தண்ணியையே சுத்தமா வச்சிருக்கும், அதைப் போய் யாரு தூக்கிப் போட்டது?"

"இவர்தான்."

"சார் என்ன வேலை பாக்குறார்?"

"கத்துக் கொடுக்குறார்"ன்னா அவ.

திரும்பிப் போக காருல ஏறினோம். அவ சாவியைப் போட்டா, ஆனா திருகல. ஸ்டியரிங்கையே பாத்துக்கிட்டு இருந்தா.

"பாலத்துல ஒரு தடவைகூட ஆஃப் ஆகலை. கவனிச்சீங்களா?"

"ம்."

"ஏன்னு தெரியுமா?"

பொய் சொல்லலாம்னு ஒரு நொடி தோணுச்சு. வெயில் ஜாஸ்தின்னு சொல்லியிருக்கலாம். முடியல. "என் கால்தான்"னேன். "எனக்கே இன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. சத்தியமா."

அவளுக்கு வந்த கோபம் நியாயம். ரெண்டு டெஸ்ட்டு, எத்தனை காலை, எத்தனை திட்டு. எல்லாத்தையும் வரிசையாச் சொன்னா, நான் தலையைக் குனிஞ்சு கேட்டுக்கிட்டேன். கடைசியில, "ஏங்க? நான் என்ன அவ்வளவு மோசமாவா ஓட்டுறேன்?"ன்னா.

"நீ ஓட்டுறதுல ஒரு குறையும் இல்ல. எனக்குப் பயம். ராத்திரி பூரா முழிச்சுட்டு வந்து உக்காருற. கண்ணு சொருகிடுமோன்னு பயம். உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு யாரு இருக்கா? அந்தப் பயம் நேரா காலுக்கு இறங்கிடுச்சு."

"ராத்திரி முழிக்கக் கூடாதுன்னுதானே இந்த லைசென்ஸே கேக்குறேன்"ன்னா. இப்படி ஒரு சுலபமான கணக்கு எனக்கு ஏன் தோணலைன்னு நானும் இன்னைவரைக்கும் யோசிக்கிறேன். அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டு வண்டியை எடுத்தா. வீட்டு வாசல்ல நிறுத்திட்டுச் சொன்னா: "நாளைக்கு நீங்க வர வேண்டாம். சின்ன மாஸ்டரை வரச் சொல்லுங்க."

வேற யார் பேரைச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன். சரின்னேன். சின்ன மாஸ்டருக்கு நானே போன் போட்டேன். போட்டு, "காலைப் பின்னாடி இழுத்து வச்சுக்கோ"ன்னு மட்டும் சொன்னேன். "நான் எப்பவும் அப்படித்தான் சார் உக்காருவேன்"ன்னார் அவர். அவரை எனக்கு ஏன் பிடிக்காதுன்னு மறுபடி ஞாபகம் வந்துச்சு.

வியாழக்கிழமை காலையில அவங்க போனதும் வீட்டுல ஒத்தையா உக்காந்தேன். தொட்டியைக் கழுவலாமான்னு கை அரிச்சுச்சு. கையைத் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டேன். இப்ப கிளம்பியிருப்பா, இப்ப வளைவுல திரும்பியிருப்பா, இப்ப மேடு. என் கால் தரையை மிதிச்சுக்கிட்டே இருந்துச்சு. செருப்பு வார் அறுந்துபோச்சு. போன் அடிச்சுச்சு.

"பாஸ்"னா.

"ஆஃப்..."னு ஆரம்பிச்சேன்.

"ஆகலை. கீழ வாங்க, வாசல்லதான் நிக்கிறேன்."

வெறுங்காலோட ஓடினேன். சின்ன மாஸ்டர் இறங்கி நடந்து போய்க்கிட்டு இருந்தார். அவ ஸ்டியரிங்ல உக்காந்திருந்தா, முகமெல்லாம் சிரிப்பு. நான் வழக்கம்போல என் சீட்டுக் கதவைத் திறக்கப் போனேன். கை நின்னுடுச்சு. எதுக்கு வம்புன்னு பின் கதவைத் திறந்து பின்னாடி ஏறிட்டேன்.

அவ கண்ணாடியில என்னைப் பாத்தா.

"முன்னாடி வாங்க"ன்னா. "எனக்குப் பேச்சுத்துணைக்கு ஆள் வேணும். காலை மட்டும் மேல தூக்கி வச்சுக்கங்க."

முன்னாடி போய்ச் சம்மணம் போட்டு உக்காந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல்ல இருந்து பாத்துக்கிட்டு இருந்தார். பாக்கட்டும்னு விட்டுட்டேன்.